முரசு முதல் செல்லியல் வரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் செங்கற் சூளைகளால் பெயர் பெற்றது. 1881 ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் நகரை அழித்தன. அதன்பின் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழவேண்டும் என்று ஆட்சியாளர் வற்புறுத்தினர். அதற்கு வேண்டிய கல்லைச் சுட்டுக் கொடுத்த இடங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் இரயில்வே வந்தது. அதனோடு தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் வந்தனர். 1904 இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும், ஸ்காட் சாலையின் கந்தசுவாமி கோயிலும் அவர்களது வாழ்வின் சுவடுகள் ஆகும். 2010 அக்டோபரில் இப்பகுதி ‘லிட்டில் இந்தியா’ என்று முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. துன் சம்பந்தன் சாலையில் நடப்போர் கடைதோறும் தமிழ்ப் பலகையைக் காண்பர்.

பலகையில் தமிழ் எழுத ஒரு தூரிகையும், எழுதத் தெரிந்த ஒருவரும் போதும். கணினித் திரையில் தமிழ் எழுதுவதோ அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. இன்று அதே சாலையில் நிற்கும் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து, ஊரிலுள்ள தாய்க்கோ வெளிநாட்டிலுள்ள நண்பருக்கோ தமிழில் எழுதி அனுப்புகிறார். அனுப்பியது எவ்விதச் சிதைவுமின்றிச் சென்று சேர்கிறது. இது தானாக நிகழ்ந்ததன்று. இதன் பின்னே பலரது உழைப்பு உண்டு. அப்பலருள் மலேசிய மண்ணில் தோன்றிய முத்து நெடுமாறனின் பணி தனித்து ஆராயத்தக்கது. மென்பொருள் தொழில்முனைவராகத் தொடங்கி இணைய ஊடகம் வரை சென்ற அவரது வரலாறு, கணினித் தமிழின் வரலாற்றோடு பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கிறது.

பொறியும் எழுத்தும்

புதிய பொறி ஒன்று தோன்றும்போதெல்லாம் தமிழ் எழுத்து ஒரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. 1578 இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, அச்சுக் கோப்போர் நூற்றுக்கணக்கான அச்சுருக்களைக் கையாள நேர்ந்தது. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனத் தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. அவற்றைத் தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்ட முன்னோடி, யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா ஆவார். கொம்பு, கால், கொக்கி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, தேவைக்கேற்ப இணைத்துக் கொள்வது தட்டச்சு முறையின் அடிப்படை. தமிழைப் பொறியில் ஏற்றும் முயற்சியில் தீபகற்பத்துத் தமிழர்க்குத் தொடக்கத்திலிருந்தே பங்கு உண்டு என்பதற்கு இது சான்று.

1978 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது ஓரளவு எளிமை தந்தது. ஆயினும் அடுத்து வந்த கணினி, அச்சுப் பொறியைப் போன்றதன்று. அதற்கு எழுத்தின் வடிவம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாலன்றி அது எதனையும் நினைவில் கொள்ளாது. ஆங்கிலத்திற்கு 128 எண்களுக்குள் இடம் வகுத்தாயிற்று. தமிழுக்கு எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்தவர் எவருமிலர். கணினித் தமிழின் இன்னல்கள் யாவும் இவ்விடத்தில்தான் தொடங்கின.

தந்தையும் மகனும்

முத்து நெடுமாறனின் தந்தை, கவிஞரும் ஆசிரியருமான முனைவர் முரசு நெடுமாறன். கிள்ளானுக்கு அருகிலுள்ள கேரித் தீவில் 1937 இல் பிறந்த அவர், குழந்தைப் பாடல்களால் மலேசியத் தமிழ் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானவர். 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் தொகுத்து, ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருநூலாக 1997 இல் வெளிக்கொணர்ந்தார். சிதறிக் கிடந்த இதழ்களிலும் மறைந்து கொண்டிருந்த ஏடுகளிலும் இருந்தவற்றை ஒரு நூலுக்குள் கொண்டுவந்த அருஞ்செயல் அது.

தந்தை மலேசியத் தமிழர் எழுதியவற்றைக் காக்க முனைந்தார். மகன் இனி எழுதப்போவதற்குக் கருவி செய்ய முனைந்தார். முத்து நெடுமாறன் பொறியியல் அறிவு பெற்றவர். பன்னாட்டுக் கணினி நிறுவனப் பணியோடு தமிழ் மென்பொருளாக்கத்தையும் மேற்கொண்டவர். இந்நாட்டில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர். அவர்களுள்ளும் தமிழில் எழுதுவோர், அவர்களுள்ளும் கணினி வைத்திருப்போர் எனக் கணக்கிட்டால் 1980களில் தமிழ் மென்பொருளுக்கு எத்துணைச் சிறிய சந்தை இருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். அத்தகைய சூழலில்தான் 1985 இல் ‘முரசு’ என்னும் தமிழ்ச் செயலி உருப்பெற்றது.

முரசு அஞ்சல்

1990களில் மின்னஞ்சல் பரவியபோது முரசு, ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்கிறது. அதுவரை கணினியில் தமிழ் என்பது பெரும்பாலும் அச்சிடுவதற்கான தமிழாகவே இருந்தது. திரையில் அமைத்துத் தாளில் அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது. அஞ்சல் அவ்வாறன்று, ஒருவர் எழுதியதை மற்றொருவர் மற்றொரு கணினியில் படித்தாக வேண்டும்.

இச்செயலியின் விசை அமைப்பு ஒன்று தமிழ் மாணவர் அறிந்துகொள்ளத்தக்கது. ஆங்கில விசைப்பலகையைப் பழகியவர், சொல்லின் ஒலிக்கேற்ப ஆங்கில விசைகளைத் தட்டினால் திரையில் தமிழ் எழுத்துத் தோன்றும். மெய்யை முதலில் தட்டினால் புள்ளியோடு மெய் வரும். அதன்பின் உயிரைத் தட்டினால் இரண்டும் புணர்ந்து உயிர்மெய்யாகும். ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது’ என்று இலக்கண ஆசிரியர் வகுப்பில் விளக்குவதை விரல்கள் பலகையில் செய்து காட்டின எனலாம். தமிழ்த் தட்டச்சுப் பயிலாத பல்லாயிரவர், குறிப்பாகப் புலம்பெயர்ந்த தமிழர், தமிழில் எழுதத் தொடங்குவதற்கு இவ்வகை ஒலிமுறை வழிவகுத்தது. அது ஆங்கிலத்தின் தோள்மேல் ஏறித் தமிழுக்கு வருவதாகும் என்ற குறையும் கூறப்பட்டது. அக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், எழுதாமலே இருந்துவிடுவதைக் காட்டிலும் அவ்வழியே வந்து எழுதுவது மேல் என்பதைக் காலம் காட்டிற்று. முரசு அஞ்சல் தனியாள் பயன்பாட்டுக்கு இலவசமாகவும் வழங்கப்பட்டது. ‘இணைமதி’ முதலிய எழுத்துருக்கள் அதனோடு பரவின.

குறியீட்டுக் குழப்பம்

1990களின் நடுப்பகுதியில் இணையத்தில் தமிழ் தோன்றிவிட்டது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 இல் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாக அளித்தார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கனடாவிலும் வேறு பலர் எழுத்துருக்களைச் செய்தனர். தமிழுக்கு ஆர்வலர் குறையவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்ற எண்ணைத் தத்தம் எழுத்துக்குக் கொடுத்திருந்தனர்.

இதனால் நேர்ந்த இடர் சிறிதன்று. ஒரு செயலியில் ‘அன்புள்ள அம்மா’ என்று எழுதி அனுப்பினால், வேறு செயலி வைத்திருப்பவர் திரையில் அது பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். ஒரு நாளேட்டை இணையத்தில் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொன்றைப் படிக்க மற்றோர் எழுத்துரு எனத் தேடித் தேடி நிறுவ வேண்டியிருந்தது. தேடுபொறியோ இவற்றுள் எதனையும் தமிழ் என்று அறியாது. ஒரே மொழியை எழுதுவோர் ஒருவரையொருவர் படிக்க இயலாத நிலை அது.

இங்கே தொழில்முனைவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தனிக் குறியீடு ஒருவகையில் வணிகருக்கு வேலி. ஒரு முறை அந்தச் செயலியில் எழுதிப் பழகி, கோப்புகளைச் சேர்த்துவிட்ட வாடிக்கையாளர் எளிதில் வேறிடம் செல்லமாட்டார். பொதுக் குறியீடு வந்துவிட்டால் அவ்வேலி விழுந்துவிடும். எவர் செய்த செயலியிலும் எவர் எழுதியதையும் திறந்து படிக்கலாம். இதனை நன்கறிந்த மென்பொருளாளராகிய முத்து நெடுமாறன், பொதுக் குறியீட்டை உருவாக்கும் பணியில் முன்நின்றார். கல்யாணசுந்தரம் முதலிய பலர் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து வகுத்த ‘திஸ்கி’ என்னும் குறியீட்டில் அவரது பங்கு குறிப்பிடத்தக்கது. 256 இடங்களுள் முற்பாதியை ஆங்கிலத்திற்கும் பிற்பாதியைத் தமிழ் எழுத்து வடிவங்களுக்கும் ஒதுக்கிய இருமொழி ஏற்பாடு அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திருக்குறள் முதலிய இலக்கியங்களை உலகத்தார் இலவசமாகப் பெறும்படி இணையத்தில் ஏற்றுவதற்கு இக்குறியீடு பெரிதும் துணைநின்றது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் வழியே ‘தமிழ்99’ விசைப்பலகையும் ‘தாப்’, ‘தாம்’ என்னும் குறியீடுகளும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. விசைப்பலகையில் உயிர் இடப்புறமும் மெய் வலப்புறமும் அமைந்தன. அது தமிழின் இயல்புக்கு ஏற்ற அருமையான ஏற்பாடு. குறியீட்டிலோ, புலம்பெயர்ந்தோர் ஒருபுறமும் தமிழகத்தார் மறுபுறமுமாக மீண்டும் இரு வழிகள் கிளைத்தன.

ஒருங்குறியின் வெற்றி

இப்பிணக்குக்குத் தீர்வு உலகளாவிய ஒருங்குறியில் இருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலில் எண் வகுக்கும் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்திய அரசு 1988 இல் வகுத்த குறியீட்டைப் பின்பற்றிய அமைப்பு அது. அதில் உயிர் எழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளுக்கும் மட்டுமே எண் உண்டு. ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக நினைவில் இருக்கும். திரையில் மட்டுமே கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து தோன்றும்.

தமிழறிஞர் சிலர் இதனை ஏற்கவில்லை. தமிழில் மெய்யே அடிப்படை. அதற்குத் தனி எண் இல்லாமல், அகரமேறிய எழுத்தோடு புள்ளி சேர்த்து மெய்யைப் பெறுவது தலைகீழ் முறை என்றனர். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. இலக்கண நோக்கில் இதில் நியாயம் உண்டு. ஆனால் உலகக் கணினி நிறுவனங்கள் ஒருங்குறியை ஏற்று முன்னேறிக்கொண்டிருந்தன. 2000 ஆம் ஆண்டு விண்டோஸ் இயங்குதளத்திலேயே ஒருங்குறித் தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழர் தம்முள் வாதிட்டுத் தனித்து நிற்பதா, உலகோடு சேர்ந்து நின்று திருத்தங்களைப் பெறுவதா என்பதே வினாவாயிற்று.

2000 ஜூலையில் சிங்கப்பூரில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ தோன்றியது. 2001 ஆகஸ்டில் அதன் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1966 இல் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய அதே நகரில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கணினித் தமிழுக்காக உலகத் தமிழர் கூடினர். முத்து நெடுமாறன் உத்தமத்தின் ஒருங்குறிப் பணிக்குழுவுக்குப் பொறுப்பேற்று, ஒருங்குறியின் பக்கமே உறுதியாக நின்றார். 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எல்லா எழுத்துகளுக்கும் தனி எண் தரும் 16 நுண்மிக் குறியீட்டை மாற்றுத் தரமாக வைத்துக்கொண்டது. நெடுநாள் வழக்கு அவ்வாறு ஒரு முடிவுக்கு வந்தது.

செல்லினம்

இதற்கிடையே கணினி மேசையிலிருந்து இறங்கிக் கைக்குள் வந்துவிட்டது. 2005 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியின் வழியே ‘செல்லினம்’ அறிமுகம் கண்டது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் உதவிய செயலி அது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மனனம் செய்த எந்தத் தமிழ் மாணவரும் அப்பெயரைக் கேட்டுப் புன்முறுவல் கொள்வர்.

அக்காலக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. ஒருங்குறியில் 70 இடமே உண்டு. உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி இடம் கொள்ளும். தமிழில் எழுதினால் செய்தி குறுகும், செலவு கூடும் என்ற நிலையில் இளைஞர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிப் பழகிவிட்டனர். அப்பழக்கம் ஒரு தலைமுறை நீடித்திருந்தால் எழுத்தையே மறக்கும் இடர் வந்திருக்கும். செல்லினம் அதற்கு எதிரே எழுப்பிய தடுப்பணை எனல் மிகையாகாது. 2009 இல் ஐபோனிலும் பின்னர் ஆண்ட்ராய்டிலும் அது இலவசமாகக் கிடைத்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் மேசைக் கணினிகளில் ‘இணைமதி’ எழுத்துருவும் ‘அஞ்சல்’ விசைமுகமும் 2000களின் நடுப்பகுதியிலேயே இடம்பெற்றிருந்தன. ஐபோன், ஐபேடுகளிலும் தமிழ் விசைமுகங்கள் இயல்பாகவே அமைந்தன. 2011 முதல் அந்நிறுவனக் கணினிகளில் ‘எம்.என்.’ என்ற ஈரெழுத்தைப் பெயரின் ஈற்றில் கொண்ட எழுத்துருக்கள் பல இடம்பெற்றன. ‘தமிழ் சங்கம் எம்.என்.’ அவற்றுள் ஒன்று. அவ்வீரெழுத்து முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம் ஆகும். அவ்வரிசையில் தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம், சிங்களம், பர்மியம், கெமர், லாவோ எழுத்துகளும் அடங்கும். தமிழுக்குக் கருவி செய்யப் பழகிய கை, தமிழை அடுத்து வாழும் மொழிகளுக்கும் பயன்பட்டது.

செல்லியல்

எழுதக் கருவி வந்தபின், படிக்கச் செய்தி வேண்டும். மலேசியாவில் தமிழ் இதழியலுக்கு நீண்ட மரபு உண்டு. கோலாலம்பூரில் 1924 இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வாசகரை வளர்த்தது. நாளேடு நடத்த 1984 ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்; தாளும் மையும் அனுப்பும் செலவும் வேண்டும். இணையத்திற்கு அவ்வுரிமம் தேவைப்படவில்லை. 1990களில் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கிய அரசு, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று உறுதி கூறியது. அவ்வழியே 1999 நவம்பரில் ஸ்டீவன் கான், பிரமேஷ் சந்திரன் இருவரும் ‘மலேசியாகினி’யைத் தொடங்கினர். இந்நாட்டு இணைய ஊடகத்தின் வலிமையை உணர்த்திய முயற்சி அது.

தமிழில் அத்தகைய வாய்ப்பைப் பயன்படுத்தி, 2012 டிசம்பரில் முத்து நெடுமாறன் ‘செல்லியல்’ என்னும் செய்தி ஊடகத்தைத் தொடங்கினார். இரா. முத்தரசன் அதன் நிர்வாக ஆசிரியராகப் பொறுப்பேற்றார். இணையத்தளமாக மட்டுமன்றிக் கைப்பேசிச் செயலியாகவும் அது வடிவமைக்கப்பட்டது. எழுத்துருச் சிக்கலை முன்பே தீர்த்திருந்தவர் நடத்தியதால், தமிழ் தெரியாத கைப்பேசியிலும் தமிழ்ச் செய்தி சீராகத் தோன்றும்படி செய்ய இயன்றது. ஒரு காலத்தில் பிற இதழ்களுக்குக் கருவி அளித்தவர் தாமே இதழ் நடத்துபவர் ஆனார்.

ஆயினும் இணைய இதழின் பொருளாதாரம் கடினமானது. வாசகர் பணம் கொடுத்துப் பழகவில்லை. விளம்பரம் தருவோர் பெருமொழிகளையே நாடுவர். 2019 பிப்ரவரியில் ‘தமிழ் நேசன்’ நின்றுபோயிற்று. தாளில் வாழ்ந்த தமிழ் இதழுக்கு நேர்ந்த இழப்பைத் திரையில் வாழும் இதழ் ஒன்று முழுமையாக ஈடுசெய்துவிட்டது என்று கூறுதற்கில்லை.

முடிவுரை

முத்து நெடுமாறனின் பணியை நிரல்படுத்தி நோக்கினால் ஒரு படிமுறை புலனாகும். முரசு எழுத்தைத் திரைக்குக் கொணர்ந்தது. அஞ்சல் அதை ஊர்விட்டு ஊர் அனுப்பியது. திஸ்கியும் ஒருங்குறியும் அதை எல்லாருக்கும் பொதுவாக்கின. செல்லினம் அதைக் கைக்குள் வைத்தது. செல்லியல் அதில் அன்றாடச் செய்தியை ஏற்றியது. இப்படிகளுள் மூன்றாவதே தலையாயது. தன் செயலிக்கு மட்டும் உரிய வழியைக் காத்துக்கொள்ளாமல் பொதுவழியை அகலமாக்க உதவியதால்தான் மற்றப் படிகள் நிலைபெற்றன. வணிகத்தில் ஈடுபட்டோர் மொழிக்குச் செய்யக்கூடிய தொண்டு இன்னது என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

இன்று மலேசியாவின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவர்க்குத் தமிழில் எழுதக் கருவி இல்லை என்ற குறை இல்லை. தாம் வாங்கும் கைப்பேசியிலேயே தமிழ் அடங்கியிருக்கிறது. ஆனால் விசைமுகத்தை மாற்றித் தமிழில் தட்டும் பழக்கத்தை எந்தப் பொறியும் ஊட்டிவிடாது. அப்பழக்கம் வகுப்பறையில் தோன்ற வேண்டும். கட்டுரையை ஏட்டில் எழுதச் சொல்லும் ஆசிரியர் அதையே ஒருமுறை திரையிலும் எழுதச் சொல்லலாம். மாணவர் தம் நண்பருக்கு அனுப்பும் வாழ்த்தை ஆங்கில எழுத்தில் அல்லாமல் தமிழ் எழுத்தில் அனுப்பச் சொல்லலாம். இலக்கண வகுப்பில் உயிர்மெய்யின் பிறப்பை விசைப்பலகை கொண்டே விளக்கலாம்.

பிரிக்பீல்ட்சின் சூளைகள் அணைந்து நெடுங்காலம் ஆயிற்று. அங்குச் சுட்ட கல்லால் எழுந்த நகரம் நிற்கிறது. எழுத்தைச் சுட்டெடுத்துக் கொடுக்கும் பணியும் பெருமளவு முடிந்துவிட்டது. அதைக்கொண்டு கட்டும் பொறுப்பு, தமிழ் கற்பிப்போரிடமும் கற்போரிடமும் இருக்கிறது.